வேறு யாரோ விட்ட மூச்சு

கருக்கம்பாளையத்தில் ஒருவர் இடுப்பைப் பிடித்துவிட்டால் இன்னொருவர் முழங்கால் சரியாகிற வழக்கம் ஆடிக்காற்று ஓய்ந்த வாரத்தில் தொடங்கியது. உரக்கடை மாடியில் டாக்டரம்மா மர்செலினின் கட்டிலில் பழனாத்தாள் படுத்திருந்தாள். மர்செலின் அவளுடைய இடுப்பெலும்பின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து, அழுத்தவும் செய்யாமல் எடுக்கவும் செய்யாமல், மெதுவாக மூச்சை இழுங்கள், மெதுவாக விடுங்கள், அவசரமே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதே நேரத்தில் எதிர்ச்சாரியில் டீக்கடை சென்னிமலை, பல வருடமாக வலது காலை இழுத்து இழுத்து நடந்தவன், டீ குடித்த கிளாசைக் கையோடு எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்ட ஒரு வெளியூர்க்காரனைத் துரத்திக்கொண்டு பாலத்து முனைவரை ஓடினான். கிளாசை வாங்கி வந்து, கழுவிக் கவிழ்த்து, பால் பொங்குகிறதா என்று எட்டிப் பார்த்த பிறகுதான் தான் ஓடியது அவனுக்கே உறைத்தது. பழனாத்தாளோ எப்படி இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறினாளோ அப்படியே பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

இதற்காக ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. மழை பக்கத்து ஊரில் பெய்துவிட்டுப் போவதையும், தான் போட்ட ஓட்டில் வேறொருவன் தலைவனாவதையும் பார்த்துப் பழகிய ஊர் அது. ஒருவர் எடுத்துக்கொண்ட வைத்தியம் வேறொருவர் உடம்பில் போய் இறங்குவதில் என்ன அதிசயம் என்று விட்டுவிட்டு, எல்லோரும் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டார்கள். சென்னிமலையின் முழங்கால் பழனாத்தாளிடம் இருக்கிறது, சரி. பழனாத்தாளின் இடுப்பு யாரிடம் இருக்கிறது?

உண்மையில் பதறியது மர்செலின் ஒருத்திதான். அவளுக்குச் சொந்த ஊர் புதுச்சேரி. பிரான்சுக்குப் போய் ஆஸ்டியோபதி படித்தவள். வங்கி மேனேஜரான கணவருக்கு மாற்றலானதால் கருக்கம்பாளையத்துக்கு வந்து சேர்ந்தாள். மருந்து கிடையாது, ஊசி கிடையாது. கையால் தொட்டு, எந்த எலும்பு எங்கே சிக்கியிருக்கிறது, எந்தத் தசை எதற்காக இறுகிக் கிடக்கிறது என்று விரலாலேயே விசாரிப்பாள். பிறகு எழுந்து நிற்கவைத்து, மூச்சை இழுக்கும்போது கையைத் தூக்கு, விடும்போது இறக்கு, என்ன நடக்கிறதென்று உள்ளே கவனித்துக்கொண்டே செய் என்று கற்றுக்கொடுப்பாள். விசைத்தறி ஓட்டி ஓட்டி ஊரில் பாதிப் பேருக்கு முதுகு போயிருந்தது, மீதிப் பேருக்குக் கழுத்து. சுளுக்கு எடுக்கிறவரிடம் போனால் படக்கென்று ஓர் இழுப்பில் பிராணன் போய்த் திரும்பும். இவள் என்னடாவென்றால் தொட்டுப் பார்த்துவிட்டு மூச்சு விடச் சொல்கிறாளே என்று முதலில் கிண்டல் பண்ணிய அதே ஊர், விடுகிற மூச்சு வேறிடத்தில் பலிக்கிறது என்று தெரிந்ததும் மாடிப்படியில் வரிசை கட்டி நின்றது. மர்செலின் தன்னுடைய பிரெஞ்சுப் புத்தகங்களை எல்லாம் புரட்டிப் பார்த்தாள். ஒன்றிலும் இதைப்பற்றி ஒரு வரியும் இல்லை. கொஞ்ச நாளைக்கு யாரும் வர வேண்டாம், எனக்கே ஒன்றும் புரியவில்லை என்று கைகூப்பிச் சொல்லியும் பார்த்தாள்.

“உங்க மேல தப்பு ஒண்ணும் இல்லைங்க டாக்டரம்மா,” என்று அவளைத் தேற்றினார்கள். “எங்க ஊர்த் தண்ணி அப்படி.”

பழனாத்தாளின் இடுப்பு யாரிடம் இருந்தது என்பது சீக்கிரமே வெட்டவெளிச்சமாயிற்று. அது அவளுடைய தம்பி மனைவி பாவாயியிடம் இருந்தது. பாவாயி தனக்கு வலது கை தோளுக்கு மேல் எழவில்லை என்றுதான் மர்செலினிடம் போனாள். அவள் அங்கே பாயில் நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்ட காலையில், அவளுடைய கை அப்படியே தொங்கிக்கொண்டிருக்க, இரண்டு தெரு தள்ளி அவளுடைய நாத்தனார் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு மரக்கால் புளியையும் கொட்டை எடுத்துவிட்டு, கையை ஊன்றாமல் எழுந்து போய்ப் பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்டுவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து பாவாயியின் நிம்மதி போயிற்று. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தன் ரசத்தில் ஒரு குறையாவது சொல்லாமல் ஒருநாளும் கை கழுவாத நாத்தனாருக்காகத் தினமும் காலையில் எழுந்து மூச்சு விட வேண்டியதாகிவிட்டது. காப்பித் தண்ணி வைப்பதற்குள் பழனாத்தாள் வாசலில் வந்து நிற்பாள்.

“ஏ பாவாயி, இன்னைக்கு மூச்சு உட்டயா இல்லையா? என்ற இடுப்பு அப்படியே கெடக்குது.”

“உட்டனுங்க நங்கை.”

“மனசு வெச்சு உட்டயா? டாக்டரம்மா சொன்னாப்பல உள்ள கவனிச்சு உடோணும். நீ எங்கியோ பராக்குப் பாத்துட்டு உட்டா எனக்குப் பாதிதான் வருது.”

பழனாத்தாளுக்குப் பின்னால் சென்னிமலை சுடச்சுட வடையோடு நின்றுகொண்டிருப்பான், அவள் இடுப்பைச் சரிபண்ணிக்கொண்டு போய்த் தனக்காக மூச்சு விட வேண்டுமே என்று. சென்னிமலை விடும் மூச்சில் யாருக்கோ கழுத்து திரும்பியது, அந்தக் கழுத்துக்காரர் விடும் மூச்சில் யாருக்கோ குதிகால் ஊன்றியது. இப்படியாக ஊர் முழுக்க ஒருவர் வாசலில் ஒருவர் காலையில் நின்றார்கள். பஸ்ஸில் ஏறினால் சௌக்கியமா என்று கேட்ட காலம் போய், மூச்சு விட்டாச்சா என்று கேட்கிற காலம் வந்தது. மாப்பிள்ளை பார்க்கப் போனவர்கள் பையனுடைய முதுகு யாரிடம் இருக்கிறது, அவர்கள் நம்பகமானவர்களா என்று விசாரித்துக்கொண்டு திரும்பினார்கள். வாய்க்கால் தகராறில் பல வருடமாகக் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்த மேட்டுத்தோட்டத்து அண்ணன் தம்பியில், அண்ணனுடைய முதுகு தம்பியிடம் இருப்பது தெரிந்ததும், தம்பி அண்ணன் வீட்டுக்கு நேர் எதிரே மதகின்மேல் கூன் போட்டு உட்கார்ந்து, பொழுதன்னைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். கடைசியில் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ஊர் கூடி, பகையை மனதில் வைத்துக்கொண்டு யாரும் மூச்சை அடக்கக்கூடாது என்று தீர்மானம் போட வேண்டியதாயிற்று.

ஊரே இப்படி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நடமாடத் தொடங்கியபோது பாவாயியின் வலது கை மட்டும் யாரிடம் இருக்கிறதென்று தெரியவில்லை.

அவளுக்குக் கை என்பது சின்ன விஷயமில்லை. விசைத்தறிப் பட்டறையில் அவள் ஒருத்தியாகவே நான்கு தறி பார்த்தவள். தறிச் சத்தத்தில் பேச்சு கேட்காத இடத்தில், உதட்டசைவிலேயே ஊர்க்கதை எல்லாம் பேசிக்கொண்டு, கண் ஒரு பக்கம் இருக்கக் கை ஒரு பக்கம் போய் அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப் போட்டுவிடும். அந்தக் கை தோளோடு பூட்டிக்கொண்ட பிறகு, தறிக்கு மேலாக எட்ட முடியாமல், பட்டறைக்காரர் அவளை மூலையில் உட்காரவைத்து, தறிக்கான நூலைத் தார்க்குச்சியில் சுற்றச் சொல்லிவிட்டார். நின்று வேலை செய்தவர்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பது அவளுக்கு அவமானமாக இருந்தது. வீட்டிலோ தலைமுடியைத் தானே முடிந்துகொள்ள முடியாது. கணவன் குழந்தைவேலுதான் முடிந்துவிடுவான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் நூல்முடிச்சு. சாயங்காலம் அவிழ்க்கப் போனால் கத்தரிக்கோல் கேட்கும்.

“கொஞ்சம் தளர்த்திப் போடுங்க.”

“தளர்த்திப் போட்டா அவுந்துக்கும் பாவாயி. முடிச்சுன்னா நிக்கோணுமில்ல?” என்பான் அவன், அக்கறையாகத்தான்.

யாருடைய உடம்பு யாரிடம் என்று கண்டுபிடித்துக் கொடுக்கிற வேலையைக் கல்யாணத் தரகர் அங்கப்பன் எடுத்துக்கொண்டிருந்தார். பொருத்தம் பார்ப்பது அவருடைய தொழில், இதுவும் ஒரு பொருத்தம்தானே என்று ஊரே அவரிடம் ஒப்படைத்துவிட்டது. அவர் எதையும் எழுதி வைத்துக்கொள்கிறவர் இல்லை. யார் வீட்டுப் பெண் எங்கே போயிருக்கிறது, யாருக்கு யார் மாமன், யாருக்கு யார் பங்காளி என்பதெல்லாம் அவருக்கு நாக்கு நுனியில். அதை வைத்தே அவர் ஒரு சட்டமும் கண்டுபிடித்திருந்தார்.

“உடம்புங்கறதும் ஒறவு ஒறம்பரை மாதிரித்தானுங்க,” என்று வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார். “முறை இருக்கற எடத்துலதான் ஒட்டும். உன்ற கை எங்க போயிருந்தாலும் உனக்கு ஏதோ ஒரு முறை ஆகறவங்ககிட்டதான் இருக்கோணும். மாமன் மச்சான், சித்தி பெரியம்மா, கொழுந்தியா நங்கை, அத்தனை பேரையும் ஒண்ணு உடாம பாரு.”

ஊர் அதை நம்பியது. நம்பாமல் என்ன செய்யும், அதுவரை பொருந்தியவர்கள் எல்லோரும் எப்படிச் சுற்றினாலும் ஏதோ ஒரு முறையில் சொந்தமாகத்தான் இருந்தார்கள். முறை சொல்லிக் கூப்பிட முடியாத ஒரு மனிதரை அந்த ஊரில் தேடினாலும் கிடைக்காது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

பாவாயி வீடு வீடாகப் போனாள். போய், தாகத்துக்குக் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, “மாமா, சித்த எந்திரிச்சு நின்னு கையத் தூக்கி மூச்சு உடுங்க,” என்பாள். மாமன் எழுந்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கையைத் தூக்கி மூச்சு விடுவார். பாவாயி தன் வலது கையைப் பார்ப்பாள். மாமனும் பார்ப்பார். வீட்டில் உள்ள குழந்தை குட்டி எல்லாம் சுற்றி நின்று அவள் கையைப் பார்க்கும். கை சிவனே என்று கிடக்கும். “அட கெரகமே, நம்மகிட்ட இல்ல போலிருக்குது,” என்று மாமன் உண்மையாகவே வருத்தப்பட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்வார். இப்படியே பிறந்த ஊருக்குப் போனாள், நாத்தனாரின் சம்பந்தி வீட்டுக்குப் போனாள், ஒன்றுவிட்ட பெரியம்மா மகள் வாக்கப்பட்ட ஆற்றங்கரை ஊருக்குப் போனாள். ஒவ்வொரு ஊரிலும் யாராரோ கையைத் தூக்கினார்கள், யாராரோ மூச்சு விட்டார்கள். அதில் யாராருக்கோ எங்கெங்கோ சரியாகிக்கொண்டிருந்திருக்கும். பாவாயிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

ஒருநாள் தலை முடிந்துகொண்டிருக்கும்போது அவள் அழுதுவிட்டாள். “எனக்கு ஆருமே இல்லீங்களா?” என்று கேட்டாள். குழந்தைவேலு முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டான். தானே தன் கையைப் பலமுறை தூக்கி மூச்சு விட்டுப் பார்த்தவன் அவன். அதில் பட்டறைக்காரருடைய கழுத்து சரியாயிற்றே தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பாவாயி கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இடது கையால் போட்டுக்கொண்டிருந்தவளுடைய வலது கை, யாரோ முழங்கையைத் தாங்கிப் பிடித்துத் தூக்கியதுபோல, வலியில்லாமல் எழுந்து கொடிக்கு மேலே போய் நின்றது. கொஞ்ச நேரம் நின்றது, இறங்கியது, மறுபடி எழுந்தது. அவள் போட்ட கூச்சலில் தெரு கூடிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே பொழுதுக்கு அப்படியே ஆயிற்று. வாரம் பூராவும் கட்டையாகக் கிடக்கிற கை ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் எழுகிறதென்றால், அந்த நேரத்தில் கையைத் தூக்கி வேலை செய்கிறவர் யார் என்று ஊர் யோசித்து, கறிக்கடை மாரப்பனைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தியது. பாவாயிக்கு அவன் கொழுந்தன் முறை வேறு. அங்கப்பன் மீசையைத் தடவிக்கொண்டார். மாரப்பன் கத்தியோடு ஒரு தடவையும் கத்தியில்லாமல் ஒரு தடவையும் கையை ஓங்கி மூச்சு விட்டுக் காட்டினான். பாவாயியின் கை அசையவில்லை. பழனாத்தாளுக்குத்தான் பொறுக்கவில்லை.

“தரகரே, இவ கை ஆகற வழியப் பாருங்க. இவ மனசு ஒடிஞ்சு போயி மூச்சு உட்டா என்ற இடுப்புக்கு ஆகறதில்ல,” என்றாள்.

கடைசியில் அங்கப்பனுக்கு மலையடிவாரத்தில் இருந்த ஒரு தூரத்துச் சித்தப்பாவின் நினைவு வந்தது. அவரைப் பார்ப்பதற்காகப் பாவாயி அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினாள். உட்கார இடமில்லை. இடது கையால் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஜன்னலோரமாக, வெள்ளைப் புடவை கட்டி, மர்செலின் உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பக்கத்து டவுனில் இருக்கிற மாதா கோயிலுக்குப் போகிறவள், சில வாரமாக அங்கே பாட்டுக் குழுவிலும் பாடுகிறவள். அன்றைக்குப் பாட வேண்டியதைக் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுவென்று பாடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீளமான அடிகள் உள்ள பாட்டு போலிருக்கிறது, ஒவ்வோர் அடிக்கும் முன்னால் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டாள். அவள் இழுத்த மூச்சுக்குப் பாவாயியின் வலது கை எழுந்து, தலைக்கு மேலே போய், பஸ்ஸின் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டது.

பாட்டு நின்றது. கை விழுந்தது. பாட்டு தொடங்கியது. கை ஏறியது.

“ஏனுங்கக்கா, எறங்கறீங்களா இல்லீங்களா?” என்று கண்டக்டர் எரிச்சலாகக் கேட்டான். “சும்மா சும்மா கையத் தூக்குனா நான் எங்க விசில் ஊதறது?”

அவன் சொன்னது பாவாயியின் காதில் ஏறவில்லை. டாக்டரம்மாவா? அவள் எந்த ஊர், எந்தக் குலம், என்ன முறை? அவளை அக்கா என்றோ தங்கச்சி என்றோ அத்தை என்றோ இந்த ஊரில் யாரும் கூப்பிட்டதே இல்லையே. ஊரில் எல்லோருடைய முதுகையும் தொட்டுப் பார்த்தவளை யாருக்கும் எந்தக் கணக்கிலும் சேர்க்கத் தோன்றவில்லையே. சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா, அங்கப்பனைப் போய் நாலு கேள்வி கேட்பதா என்று ஒன்றும் விளங்காமல், சித்தப்பாவை மறந்து, டவுனில் அவள் பின்னாலேயே இறங்கினாள்.

“டாக்டரம்மா, நில்லுங்க. என்ற கை உங்ககிட்ட இருக்குதுங்க.”

மர்செலின் கோயில் வாசலில் நின்றுவிட்டாள். முதலில் சிரித்தாள். பிறகு பாவாயி பாடச் சொல்லி, அவள் ஓர் அடி பாட, செருப்புக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் பார்க்கக் கை விண்ணென்று எழுந்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

“எனக்கு ஒண்ணும் இல்லியேக்கா,” என்றாள். சொல்லிவிட்டு, தன் இடது விலாவில் தானே கையை வைத்துப் பார்த்தாள். “இங்க ஒரு எடம் பூட்டிக்கிட்ட மாதிரி இருக்கும். மூச்சு பாதிதான் போவும். பாடறப்ப மட்டும் கொஞ்சம் எறங்கும். நான் அதைப் பெருசா எடுத்துக்கல.”

“எப்ப இருந்துங்க?”

“அம்மா போனதிலேர்ந்து. நான் அப்ப பிரான்ஸ்ல பரீட்சை எழுதிட்டிருந்தேன். வர்றதுக்குள்ள அடக்கம் பண்ணிட்டாங்க.” அவள் புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். “அப்புறம் ஒண்ணு சொல்லணும்க்கா. அவருக்கு மாத்தல் வந்துடுச்சு. மாசக் கடைசில நாங்க புதுச்சேரிக்கே திரும்பிப் போறோம்.”

அத்தனை ஊர் அலைந்து கிடைத்த கை, கிடைத்த இடத்திலேயே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு மத்தியானமே உரக்கடை மாடியில் மர்செலினைக் கட்டிலில் படுக்கவைத்தாள் பாவாயி. எத்தனையோ பேரைப் படுக்கவைத்தவளுக்குத் தான் படுக்கத் தெரியவில்லை. தலையைத் தூக்கித் தூக்கி, கையை அங்கே வைக்காதீங்க, இங்கே வையுங்க, அழுத்த வேண்டாம், கேளுங்க போதும் என்று பாடம் நடத்திக்கொண்டே இருந்தாள். பாவாயி தன் வலது கையை அவளுடைய விலாவில் வைத்தாள். எப்படி வைப்பதென்று அவளுக்கு என்ன தெரியும், பயந்துகொண்டே வைத்தாள்.

“மூச்சு உடுங்க.”

“விடறேன்.”

“எங்க உடறீங்க? என்ற கை சும்மாதான கெடக்குது. பொய் சொல்லாதீங்க டாக்டரம்மா.”

மர்செலின் பேச்சை நிறுத்தினாள். அந்தக் கையிடம் எதையும் மறைக்க முடியாது என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். கண்ணை மூடினாள். கீழே உர மூட்டை இறக்குகிற சத்தம் கேட்டது. வெகுநேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அவளுடைய விலா லேசாக நடுங்கியது, தொண்டையிலிருந்து ஒரு விக்கல் வந்தது, அதற்குப் பின்னால் அழுகை வந்தது, அழுகைக்குப் பின்னால் அடிவயிறு வரைக்கும் போகிற ஒரு நீளமான மூச்சு வந்தது. அந்த மூச்சுக்குப் பாவாயியின் வலது கை விலாவை விட்டுக் கிளம்பி மேலே போய்விட்டது. அவள் இழுத்து இழுத்து வைத்தாள், அது எழுந்து எழுந்து போயிற்று. அட, நில்லேன் கையே என்று அதட்டியும் பார்த்தாள். வேறு வழியில்லாமல் இடது கையை வைத்துக்கொண்டு, வலது கை கூரையைப் பார்த்து நிற்க, அவள் அழுது முடிக்கும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள்.

மாசக் கடைசி வரைக்கும் தினமும் மத்தியானம் இப்படி நடந்தது. செய்தி தெரிந்து ஊர் திகைத்தது. ஒருவர் மூச்சில் இன்னொருவர் கால் நடப்பதற்குத் திகைக்காத ஊர், முறையில்லாத இடத்தில் ஒட்டியிருக்கிறதே என்பதற்குத் திகைத்தது. அங்கப்பன் மூன்று நாள் வெளியே தலைகாட்டவில்லை. மண்டபத்தில் கூடிப் பேசினார்கள், சண்டை போட்டார்கள். அந்தம்மாவை என்ன முறை சொல்லி அழைப்பது, அவளைப் பாவாயிக்குத் தங்கை என்று வைத்தால் மேட்டுத்தோட்டத்தாருக்கு அவள் என்ன ஆவாள், கொழுந்தியாளா மகளா என்று குழம்பிக் குழம்பி, ஒருவரும் ஒரு முடிவுக்கும் வராமல் எழுந்து போனார்கள். முறை முடிவாகாவிட்டாலும் அவள் கிளம்பிய அன்று எல்லோரும் வந்துவிட்டார்கள். பழனாத்தாள் ஒரு தூக்குப்போசி நிறைய, வெல்லப் பூரணம் வைத்த ஒப்புட்டு கொண்டுவந்து கொடுத்து, “வழியில சாப்புடுங்க. அவ வெச்ச ரசம் இல்ல, நான் போட்டது,” என்றாள்.

தூரம் போனால் அறுந்துவிடுமோ என்று பாவாயி பயந்தாள். அறுந்துவிடவில்லை. காலையில் காப்பித் தண்ணி கொதிக்கிற நேரத்துக்கு, எங்கேயோ கடற்கரைப் பக்கத்து வீட்டில் ஒருத்தி பாய் விரித்து நின்று மூச்சை இழுப்பாள், இங்கே கை எழும். எழுந்த கையால் பாவாயி தலையை வாரிக் கொண்டை போட்டுக்கொள்வாள். பஸ்ஸில் இழுத்ததுபோலப் பாதி மூச்சு இல்லை இது, கையில் அந்தச் சூடு ஆறுவதற்குள் பட்டறைக்கு ஓடினால் இரவுவரை தாங்கும். பட்டறைக்காரர் தறியைத் திரும்பக் கொடுத்துவிட்டார். மூலையை விட்டு எழுந்து தறிகளுக்கு நடுவே போய் நின்ற அன்று, அவள் உதட்டை அசைத்து என்னவோ சொல்ல, எட்டுத் தறி தள்ளி நின்றவள் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்து ஊர் பார்த்ததில்லை.

தை பிறந்த கையோடு ஒரு காலையில் கை எழவில்லை. மறுநாளும் எழவில்லை. குழந்தைவேலு முடிச்சுப் போட்டுவிட்டான். பட்டறைக்காரர் மூலையைப் பார்த்தார். பழனாத்தாள் வந்து, “என்னடி இது, எனக்கும் புடிச்சுக்கிச்சு. அந்தப் புள்ளைக்கு ஒரு போன் போட்டு மூச்சு உடச் சொல்லு,” என்றாள். குழந்தைவேலுவும் அதையே சொன்னான். ஒரு வார்த்தை நினைவுபடுத்தினால் போதும், மறந்திருப்பாங்க, தப்பில்லை, கேள் என்றான்.

பாவாயி மர்செலினின் எண்ணைப் போட்டுக் கொடுக்கச் சொல்லி, போனை இடது கையில் வாங்கிக்கொண்டாள். என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். கை எழவில்லைங்க, தறி போய்விடும்ங்க, தயவுபண்ணி மூச்சு விடுங்க டாக்டரம்மா. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடித்து ஓயப் போகிற நேரத்தில் எடுத்தாள் மர்செலின்.

“அக்கா? கை நின்னுடுச்சா? மன்னிச்சிருங்கக்கா. எனக்குத் தெரியும், நான்தான்… அம்மாவோட நினைவு நாள் வந்துச்சு… நாளைக்குக் காலைல கண்டிப்பா…”

குரல் கம்மியிருந்தது. பேசுகிறவளுக்கு மூச்சு பாதியிலேயே நின்று நின்று வந்தது. பழனாத்தாள் வாசல்படியில் கையை ஊன்றிக்கொண்டு, கேளு கேளு என்று சைகை காட்டினாள்.

“கைய உடு கண்ணு,” என்றாள் பாவாயி. “நீ எப்படி இருக்கற?”

அதைக் கைக்காகக் கேட்டாளா, அவளுக்காகவே கேட்டாளா என்று பாவாயிக்கே தெரியவில்லை. யோசித்துப் பார்த்தாலும் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்க வரவில்லை. பட்டறைச் சங்கு ஊதியது. குழந்தைவேலு கதவருகே நின்று அவளைப் பார்த்தான். அவள் போகச் சொல்லித் தலையாட்டிவிட்டு, சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தாள். போனுக்குள்ளே, எங்கேயோ தூரத்தில், ஒருத்தி அழ ஆரம்பிப்பது கேட்டது.

வலது கை மடியில் கிடந்தது. பாவாயி அதைப் பார்க்கவில்லை.

“இருக்கறன் கண்ணு,” என்றாள். “எனக்கொண்ணும் வேலையில்ல. மெதுவாச் சொல்லு.”